புதன்கிழமைகளில் இளைத்த காவிரி

மேட்டூரில் அணை கட்டி முடித்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம் அது. ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று நாள்தோறும் பதிந்து வைக்கும் ஆபீஸ் ஒன்றில், திருச்சிராப்பள்ளியில், நான் குமாஸ்தாவாக இருந்தேன். வீடு ஸ்ரீரங்கத்தில். காலையில் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஆபீஸுக்குப் போவேன், சாயங்காலம் அதே பாலத்தைத் தாண்டி வீட்டுக்குத் திரும்புவேன். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். பின்னால் என் முட்டாள்தனத்தை அளக்க உதவும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம். பால்காரர் செம்பைச் சாய்த்தால் அடியில் எவ்வளவு நிறுத்திக்கொண்டார் என்று பார்ப்பேன். வாசலில் யாராவது இரண்டு நிமிஷம் நின்றால் வீட்டை நோட்டம் விடுகிறான் என்று தீர்மானித்துவிடுவேன். "கோயில்ல தீர்த்தம் வாங்கிண்டாக்கூட பக்கத்தில இருக்கறவாளுக்கு ஒரு சொட்டு கூட விழுந்துடுத்தான்னு பாக்கறவர் நீங்கோ" என்று என் மனைவி கேலி செய்வாள். ஆனால் ஆபீஸில் இந்தக் குணத்துக்கு மதிப்பு இருந்தது. எவர் எழுதியதில் தப்பு இருந்தாலும் நான் மோப்பம் பிடித்துவிடுவேன் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, மேலூர்ப் பக்கம் காவிரிக் கரையோரத் தண்ணீரில் எங்கள் ஆபீஸின் அளவுக்கல் ஒன்று நட்டிருந்தது. அடியும் அங்குலமுமாகக் கோடுகள் செதுக்கிய கல் தூண், அவ்வளவுதான். காலை ஆறு மணி, நடுப்பகல், மாலை ஆறு மணி என்று மூன்று வேளையும் தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்து எழுத ஓர் ஆள் உண்டு. நாற்பது வயதிருக்கும், பெரிய மீசை. மீசைக்காரர் என்றே இங்கே சொல்கிறேன். கல்லுக்கு எதிரில் கரைமேல் ஓலைக் கூரை போட்ட சின்ன வீட்டில் மனைவியோடு குடியிருந்தார். வியாழக்கிழமை காலையில் அந்த வாரத்து அளவு அட்டையை ஆபீஸுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். அதைப் பெரிய பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை.

அந்த வருஷம் மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை, திண்டுக்கல்லில் நடந்த ஒரு கல்யாணத்துக்காக பஸ்ஸில் போனேன். மணப்பாறையில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. முறுக்கு வாங்கலாம் என்று இறங்கினேன். அன்று மாட்டுச் சந்தை. சந்தை ஓரத்தில் இரண்டு பேர் ஒரு துண்டுக்கு அடியில் கைகளை மறைத்துக்கொண்டு, விரலைத் தொட்டுத் தொட்டு மாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். தரகர்கள் அப்படித்தான் பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த இருவரில் ஒருவர் நம் மீசைக்காரர்! அப்போது நடுப்பகல் பன்னிரண்டு மணி. அந்த நேரத்தில் அவர் காவிரிக் கரையில் நின்று கல்லைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

எனக்கு மூக்கில் வியர்த்தது. அவர் கண்ணில் படாமல் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். கல்யாணச் சாப்பாடுகூட சரியாக இறங்கவில்லை, அவ்வளவு பரபரப்பு.

மறுநாள் நான் ஆபீஸுக்குப் போய்ச் சேர்வதற்கும் மீசைக்காரர் அட்டையோடு வருவதற்கும் சரியாக இருந்தது. புதன் நடுப்பகல் அளவு, அவர் கையெழுத்திலேயே, அழகாக எழுதியிருந்தது.

"நேத்து ஆறு எப்படி?" என்று ஒன்றும் தெரியாதவன்போல் கேட்டேன்.

"கொஞ்சம் எளைச்சு ஓடுச்சுங்க" என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அவர் போனதும் பழைய பக்கங்களைப் புரட்டினேன். புரட்டப் புரட்ட எனக்குள் ஒரே குதூகலம். வாரம் தவறாமல் செவ்வாய் மாலையில் தண்ணீர் இறங்கத் தொடங்கி, புதன் காலையும் நடுப்பகலும் ஓர் அடிக்கு மேல் குறைந்திருந்தது. புதன் மாலை ஏறத் தொடங்கி, வியாழன் காலையில் பழைய அளவுக்கு வந்துவிடும். மணப்பாறைச் சந்தைக்குச் செவ்வாய் மதியம் கிளம்பினால் புதன் இரவுதான் திரும்ப முடியும். வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

அப்போது ஆற்றைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது இதுதான். குடகு மலையில் மழை பெய்தால் காவிரி பெருகும், பெய்யாவிட்டால் வற்றும். அணை வந்த பிறகு, கோடையில் பாசன மதகுகளை மூடிவிடுவார்கள். மின்சாரம் எடுப்பதற்காக விடும் தண்ணீர் மட்டும் வரும். அது ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக வரும் என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். காவிரி இரண்டாகப் பிரிகிற முக்கொம்பு அணையில் விசாரித்தேன். அங்கே கதவுகளைத் தொடவே இல்லை என்றார்கள். மலையில் மழையும் இல்லை. அப்படியிருக்க, வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஆறு இளைப்பானேன்? மீசைக்காரர் சந்தைக்குப் போகுமுன் அந்த வேளைகளின் அளவை எல்லாம் மனம்போனபடி எழுதி வைத்துவிடுகிறார் என்று முடிவு கட்டினேன். பொய் எழுதுகிறவர் யாரும் கவனிக்காதபடி முந்தின நாள் அளவையே எழுதிவிட்டுப் போகலாமே, எதற்காக மெனக்கெட்டு ஓர் அடி குறைத்து எழுத வேண்டும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. தினமும் இரண்டு தடவை பாலத்தைத் தாண்டினேனே, ஒரு புதன்கிழமையாவது குனிந்து ஆற்றைப் பார்த்திருக்கலாம். அதுவும் செய்யவில்லை. பஸ்ஸில் பேப்பர் படித்துக்கொண்டு போவேன்.

வைகாசி வரை கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தேன். குறைந்த அளவுகளை எல்லாம் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு வந்தேன். சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டி ஒரு சனிக்கிழமை மாலையும் மறுநாள் ஞாயிறும்கூட அதேபோல் குறைந்திருந்தது. சந்தை நாள் இல்லையே என்று ஒரு கணம் இடித்தது. பண்டிகைக்கு எங்காவது ஊருக்குப் போயிருப்பார் என்று அதற்கும் ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரிப்போர்ட் எழுதினேன். அளவு பார்க்காமலே பொய் அளவு எழுதுகிறார், வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்று. கவரில் போட்டு ஒட்டி இன்ஜினீயரின் மேஜைமேல் வைத்தேன். அவர் வெளியூர் போயிருந்தார், வியாழன் காலையில்தான் வருவார். நடுவில் இருந்த புதன்கிழமைக்கு லீவு போட்டேன். நேரிலேயே போய்க் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால், இன்ஜினீயர் கேட்கும்போது கண்ணால் கண்டேன் என்று சொல்லலாம் அல்லவா?

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் குடையும் தயிர்சாத மூட்டையுமாக மேலூர்ப் பக்கம் போனேன். கரையில் நின்றால் தெரிந்துவிடும். ஆற்றுக்குள் கொஞ்ச தூரத்தில் ஒரு மணல்திட்டு, அதன்மேல் நாணல் புதர். அங்கே உட்கார்ந்தால் அளவுக்கல்லுக்கு நேர் எதிர். கல்லில் இருக்கும் கோடுகள் தெரியாது, ஆனால் அங்கே யார் வந்து போனாலும் தெரியும். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினேன். முழங்கால்கூட நனையவில்லை. ஆறு இளைத்துத்தான் இருக்கிறது என்று என் முழங்காலே எனக்குச் சொல்லிற்று. நான் இருந்த இருப்பில் அது காதில் விழவில்லை.

செருப்பைக் கழற்றித் தண்ணீருக்குச் சற்று மேலே மணலில் வைத்து, பக்கத்தில் குடையை ஊன்றிவிட்டு, நாணலுக்குள் உட்கார்ந்தேன். நடுப்பகல் ஆயிற்று. மீசைக்காரர் வரவில்லை. அதற்குப் பதிலாக அவர் சம்சாரம் வந்தார். தண்ணீரில் இறங்கி, கல்லில் படிந்திருந்த பாசியை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, குனிந்து ஏதோ எண்ணிவிட்டு வீட்டுக்குள் போனார். எனக்கு வாயெல்லாம் பல். எழுத்து வாசனை இல்லாத பெண் வந்து கல்லைத் தடவிவிட்டுப் போகிறாள், அதற்குச் சர்க்கார் சம்பளம்! ரிப்போர்ட்டில் இன்னும் இரண்டு வரி சேர்க்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டே சாதத்தைச் சாப்பிட்டேன். வெயிலும் தயிர்சாதமும் சேர்ந்து கண்ணைச் சொருகிற்று. தூங்கிவிட்டேன்.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. செருப்பில் ஒன்றைக் காணோம். குடை தண்ணீருக்குள் நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், யாரோ வந்து செருப்பைத் திருடிவிட்டுக் குடையைப் பிடுங்கித் தண்ணீரில் நட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுந்து கரைப்பக்கம் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. குடை நகரவில்லை, தண்ணீர்தான் வந்திருக்கிறது.

காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் புதுத்தண்ணீர் என்றால் தெரியும். செம்மண் நிறத்தில் வரும். முன்னால் நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு வரும். ஒரு வாசனை வரும். கரையில் நான்கு பேர் கத்துவார்கள். இந்தத் தண்ணீர் அப்படி வரவில்லை. வண்டலை எல்லாம் அணையிலேயே விட்டுவிட்டு, கண்ணாடி மாதிரித் தெளிவாக, சத்தம் போடாமல் வந்திருந்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. காலையில் முழங்காலுக்குக் கீழே இருந்த இடத்தில் இப்போது எவ்வளவு ஆழம் என்று மேலே இருந்து பார்த்தால் தெரியவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது.

"சாமி!" என்று கரையிலிருந்து குரல். மீசைக்காரரின் சம்சாரம். கையில் நீளமாக ஒரு மூங்கில் கழி. "சாமி, அங்கனேயே நேரா எறங்கிடாதீங்க! மேற்கால கொஞ்சம் போங்க. அங்க தண்ணி சளசளன்னு சுளிச்சுக்கிட்டு ஓடுது பாருங்க, அதுல காலை வெச்சு வாங்க. இங்க சும்மா பளபளன்னு கெடக்குதே, இதுல வெக்காதீங்க!"

இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு நன்றி தோன்றவில்லை, சந்தேகம்தான் தோன்றிற்று. இவர்களுடைய குட்டு வெளிப்பட்டுவிட்டது. அதைக் கண்ட ஒரே ஆள் நான். சுழித்து, இரைந்து, வேகமாக ஓடுகிற தண்ணீரில் இறங்கு என்கிறாள், அமைதியாக இருக்கிற தண்ணீரில் இறங்காதே என்கிறாள். எதற்கு? என்னை அடித்துக்கொண்டு போகட்டும் என்றுதானே? அவ்வளவு ஏமாளியா நான்? அவர் காட்டிய பக்கம் போகவில்லை. பளபளவென்று அசையாமல் கிடந்த இடத்தில், நேர் எதிரே, காலை வைத்தேன்.

முதல் அடியில் இடுப்பு. இரண்டாவது அடியில் காலுக்குக் கீழே மணல் கரைந்து ஓடிற்று. மூன்றாவது அடி இல்லை. உள்ளே போய்விட்டேன். கோடையில் யாரோ ஊற்றுத் தோண்டிய பள்ளம் அது என்று பிறகு தெரிந்தது. தண்ணீர் அமைதியாகத் தெரிந்ததற்குக் காரணம் ஆழம். அவர் காட்டிய இடத்தில் தண்ணீர் இரைந்ததற்குக் காரணம், அங்கே மணல்மேடு, கணுக்காலுக்குச் சற்று மேலேதான் தண்ணீர்.

அந்த அம்மா அந்த மேட்டின் வழியாகவே ஓடி வந்து மூங்கில் கழியை நீட்டியிருக்கிறார். நான் பிடித்தேன், வழுக்கிற்று, மறுபடி பிடித்தேன். கழி கையிலிருந்து நழுவினபோது அவர் என் குடுமியைக் கொத்தாகப் பற்றி இழுத்தார். அந்தக் காலத்தில் நான் குடுமி வைத்திருந்தேன். அது எதற்காகவாவது பயன்பட்டது என்றால் அன்றைக்குத்தான்.

கரையில் கொண்டுவந்து போட்டார். நான் இருமிக்கொண்டு கிடந்தேன். தூரத்தில் பாலத்தைத் தாண்டும் சாயங்கால ரயிலின் சத்தம் கேட்டது.

"இருங்க சாமி, நேரமாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பவும் தண்ணீரில் இறங்கினார். பாசியைத் துடைத்து, கோடுகளை எண்ணிவிட்டு வந்தார். உயிர் போக இருந்த ஆள் ஒருவன் கரையில் கிடக்கிறான், அவருக்கு ஆறு மணி அளவு முக்கியம். அப்போதுதான் எனக்கு முதல் முறையாக உள்ளே ஏதோ தட்டிற்று.

வாசலில் உட்காரவைத்துத் துண்டு கொடுத்தார். அடுப்பில் நெருப்பை ஊதிவிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அந்த வீட்டின் உட்சுவரைப் பார்த்தேன். தரையிலிருந்து ஆள் உயரத்துக்குக் கரிக்கோடுகள். வரிசை வரிசையாக.

"இது என்னம்மா?"

"அதுதாங்க அளவு. கல்லுல எத்தனை கோடு தண்ணிக்கு மேல தெரியுதோ அத்தனை கோடு போட்டு வெச்சிடுவேன். இவரு சந்தையிலேந்து வந்து எண்ணிப் பாத்து அட்டையில எழுதுவாரு. மத்த நாளும் போட்டு வெப்பேன், அவருக்கு ஞாபகம் பத்தாது." சற்று நிறுத்திவிட்டு, "நீங்க காலையிலேந்து நாணலுக்குள்ள ஒக்காந்திருந்ததப் பாத்தேன். ஆபீசு ஆளுன்னும் தெரியும், எதுக்குன்னும் தெரியும்" என்றார்.

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே இடத்தில், கோடுகள் பெருகியிருந்தன. தண்ணீர் இறங்க இறங்கக் கல் கூடுதலாகத் தெரியும் அல்லவா?

"புதன்கிழமை ஏன் இளைக்கிறது?" என்றேன். கேட்கும்போதே என் குரல் எனக்கே வேறு மாதிரி இருந்தது.

"ஞாயித்துக்கெழமை மேட்டூர் மின்சாரம் போற ஊருலெல்லாம் மில்லு லீவுங்க. மேட்டூர்ல என் தம்பி வேலையில இருக்கான், அவன் சொன்னான். மில்லு ஓடலேன்னா மின்சாரம் அவ்வளவா வேணாமாம், தண்ணியக் கொறைச்சு விடுவாங்களாம். அந்தத் தண்ணி இங்க வந்து சேர ரெண்டரை நாள் ஆவுது. ஞாயித்துக்கெழமை காலைல அங்க கொறைச்சா இங்க செவ்வாய் சாயங்காலம் கொறையும். திங்கக்கெழமை காலைல அங்க கூட்டினா இங்க புதன் சாயங்காலம் ஏறும். இப்ப ஏறுச்சுல்ல, அது திங்கக்கெழமைத் தண்ணி."

"ரெண்டரை நாள்னு யார் சொன்னது? உன் தம்பியா?"

"அவனுக்கு அது எப்படிங்க தெரியும், அவன் அங்கல்ல இருக்கான்? வருசப் பொறப்பு வியாழக்கெழமை வந்துச்சுல்ல. அன்னிக்கும் மில்லு லீவு. பாத்தா, சனிக்கெழமை சாயங்காலம் ஆறு எளைக்குது. ஞாயித்துக்கெழமை முச்சூடும் எளைச்சே கெடந்துச்சு. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது."

அந்தச் சனிக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் நான் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தேன்.

அவர் கை கூப்பினார். "சந்தைக்குப் போறது தப்புதாங்க. இனிமே போகாம நான் பாத்துக்கறேன். அவரு வேலையில மட்டும் கைவெச்சிடாதீங்க சாமி. இந்த வீடும் வேலையோட சேந்ததுதான்."

கவர் நேற்றே இன்ஜினீயர் மேஜைக்குப் போய்விட்டது. என்னைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்ட கைகள் கும்பிடுகின்றன, நான் அசடுபோல் உட்கார்ந்திருக்கிறேன். ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போனேன். "இதென்ன கோலம்?" என்று மனைவி பதறினாள். ஆற்றில் விழுந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

வியாழக்கிழமை காலை நான் ஆபீஸுக்குப் போனபோதே இன்ஜினீயர் வந்து, கவரைப் பிரித்து, எனக்காகக் காத்திருந்தார். சிறிது நேரத்தில் மீசைக்காரர் அட்டையோடு வந்தார். அவரையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

"நேத்து நடுப்பகல்ல நீ எங்கே இருந்தே?" என்று இன்ஜினீயர் கேட்டார்.

மீசைக்காரர் என்னைப் பார்த்தார். அந்த அம்மா எல்லாவற்றையும் சொல்லியிருப்பார் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"சார், நேத்து பத்து மணியிலேர்ந்து நானே அந்தக் கல்லுக்கு எதிரே இருந்தேன். அளவு எல்லாம் சரிதான். பொய் இல்லை. என் ரிப்போர்ட்தான் தப்பு." பிறகு பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தேன். ஞாயிறு, மில் லீவு, இரண்டரை நாள் எல்லாவற்றையும் சொன்னேன். வருஷப் பிறப்புச் சனிக்கிழமையைக் காட்டினேன்.

இன்ஜினீயர் பதிவேட்டைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை இவனை வேலையை விட்டுத் தூக்கணும்னு எழுதறீர். வியாழக்கிழமை இவனுக்குச் சாட்சி சொல்றீர். நடுவிலே என்ன ஓய் நடந்தது? இவன் உமக்கு என்ன பண்ணினான்?"

அந்தப் பார்வை எனக்கு நன்றாகப் பழக்கம். பால்காரரை, வாசலில் நிற்பவரை, மீசைக்காரரை இத்தனை காலம் நான் பார்த்த பார்வை அது. முதல் தடவையாக அதற்கு எதிரில் நின்றேன். உடம்பெல்லாம் கூசிற்று. நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனால் யார் கல்லைப் பார்த்தது என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். சொன்னால் மீசைக்காரரின் வேலை அங்கேயே போய்விடும்.

"நீங்களே வந்து பாருங்க சார். வர்ற செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு இளைக்கலைன்னா இவரோட என்னையும் சேர்த்து நீக்கிடுங்க" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. கரிக்கோடு போட்ட அந்தச் சுவரை நம்பித்தான் சொன்னேன்.

இன்ஜினீயர் வந்தார். செவ்வாய் மாலை கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் பெருமாளை வேண்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மீசைக்காரர் சந்தைக்குப் போகாமல் கை கட்டி நின்றார். அந்த அம்மா வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருந்தார். ஐந்தரை மணிக்கு ஒன்றும் இல்லை. இன்ஜினீயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆறு மணியை ஒட்டிக் கல்லில் ஈரக்கோடு ஒன்று தண்ணீருக்கு மேலே தெரிந்தது. பிறகு இன்னொன்று. இருட்டுவதற்குள் நாலு விரல்கடை இறங்கிவிட்டது. மறுநாள் காலையில் வந்து பார்த்தார், ஓர் அடிக்கு மேல் இறங்கியிருந்தது. சாயங்காலம் வந்து பார்த்தார், ஏறிக்கொண்டிருந்தது.

என் முதுகில் தட்டினார். "சபாஷ் ஓய்! இத்தனை பேர் இருக்கோம், ஒருத்தருக்கும் தோணலை. மேலே எழுதறேன், உம்ம பேரைப் போட்டு" என்றார்.

எழுதினார். அணையிலிருந்து விடும் தண்ணீர் எங்கள் ஊர் வந்து சேர எவ்வளவு நேரமாகிறது, வாரத்தில் எந்த நாள் ஆறு இளைக்கும், எப்போது ஏறும் என்று விவரமாக ஒரு குறிப்பு. கண்டுபிடித்தவர் என்று என் பெயர், கீழே என் கையெழுத்து. மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. ஆற்றுக்குள் வெள்ளரி போடுகிறவர்களுக்கும் துணி துவைப்பவர்களுக்கும் புதன்கிழமை சாயங்காலம் ஜாக்கிரதை என்று தண்டோரா போட்டார்கள். அதனால் எத்தனை பேர் பிழைத்தார்களோ தெரியாது. அந்தப் புண்ணியமும் என் பெயரில்தான் எழுதியிருக்கும்.

அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். "வேலை இருக்குல்ல சாமி? அது போதும்" என்றார். ஆனால் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். அடுத்த பொங்கலுக்கு வெள்ளை அடித்தபோது அந்தக் கோடுகளும் போய்விட்டன.

உண்மையைச் சொன்னால் அவர்களுக்கு வேலை போயிருக்கும், அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் மீசைக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சொந்த ஊருக்குப் போன பிறகும் நான் சொல்லவில்லையே, அது எதற்காக? அப்போது யாருக்கு எது போய்விடும் என்று பயந்தேன்? ஊரில் எல்லோருடைய எழுத்திலும் பொய்யைத் தேடியவன் நான். கடைசியில் அந்த ஆபீஸில் பொய் என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த காகிதம் ஒன்றே ஒன்றுதான். அதில் இருப்பது என் கையெழுத்து.

இதில் யார் பெயரையும் நான் எழுதவில்லை. மற்றவர்கள் பெயரைத் தெரிந்தே விட்டிருக்கிறேன், அந்த அம்மாவின் பெயரை மட்டும் நான் ஒரு நாளும் கேட்டதே இல்லை. இப்போதும் புதன்கிழமைகளில் பாலத்தைத் தாண்டும்போது பஸ் ஜன்னல் வழியாகக் குனிந்து தண்ணீரைப் பார்க்கிறேன், அப்போதெல்லாம் அதுதான் உறுத்துகிறது.